மடிக்கு வராத பாதம்

ஒரு நாளைக்குக் குறைந்தது முப்பது பிள்ளைகள் அவள் மடியில் கால் வைப்பார்கள். சனி ஞாயிறு என்றால் அறுபது. செருப்புக் கடையின் குழந்தைகள் பிரிவில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு துவாலையை விரித்து, "எங்க, அந்தக் காலைக் குடு பாப்போம்" என்பாள். முந்தின கடையில் அலறித் தீர்த்த பிள்ளை, அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்கிற பிள்ளை, எல்லாம் அவளைக் கண்டதும் சமர்த்தாகக் காலை நீட்டும். விரலை மடக்குகிற பிள்ளைக்குக் குதிகாலில் லேசாக ஒரு சுரண்டு; விரல் தானாக விரிந்துவிடும். பதினோரு வருடமாக அந்த மூலை அவள் ராஜ்யம். கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் கால்காரம்மா என்பார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கு உள்ளூரப் பிடிக்கும்.

இப்பேர்ப்பட்ட கால்காரம்மாவிடம் சொந்த மகள் மட்டும் காலைக் காட்டமாட்டாள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. நாலு மாதமாக அவளுடைய இரண்டு பாதங்களும் சரியில்லை. கட்டைவிரலின் அடிப்பக்கமும் அதற்குக் கீழே மேடாக இருக்கும் இடமும் சிவந்து, மெழுகு தேய்த்தாற்போல் பளபளத்து, கோடு கோடாக வெடித்துக் கிடந்தன. சில நாள் வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து சாக்ஸோடு ஒட்டிக்கொள்ளும். முன்பாதம் தரையில் படாமல் குதிகாலை மட்டும் ஊன்றி நடப்பாள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பார்த்த மாத்திரத்தில் கால்காரம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள், இது பூஞ்சை என்று. கணவன் ஒரு தடவை, "டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்றான். "நான் பாக்காத காலா?" என்றாள். அவன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டான். வீட்டில் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாததுபோல் இருக்க நன்றாகத் தெரியும்.

மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கிவந்தாள். தடவுவதற்கு முன்னால், உரிந்து தொங்கிய தோலை நகத்தால் கிள்ளி எடுத்தாள். அது நல்ல தோலையும் கூட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் வந்த இடத்தில் களிம்பு. வாண்டு போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர்கள் இறங்கிவந்து கதவைத் தட்டினார்கள். அதோடு சரி. அம்மா பக்கத்தில் வந்தால் போதும், பாதம் இரண்டும் போர்வைக்குள் போய்விடும். குதிகாலைச் சுரண்டுகிற வித்தையெல்லாம் இங்கே பலிக்கவில்லை.

பாதங்கள் போய்ச் சேர்ந்த இடம் சித்தியின் மடி.

சித்தி என்பது கணவனின் தம்பி மனைவி. அண்ணன் தம்பி இருவரும் நாலாவது மாடியில் ஒரே வீட்டில் குடித்தனம். மூன்று அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. சித்திக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துவாலைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். காலை ஷிப்டு என்பதால் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். மூன்று மணிக்குப் பள்ளிவிட்டு வாண்டு வரும்போது கதவைத் திறப்பது அவள்தான். கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. அதிர்ந்து பேசமாட்டாள். அதைப் பொறுமை என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஊமைக்குசும்பு என்று கால்காரம்மா சொன்னாள்.

தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் காட்சி அரங்கேறும். சித்தி ஒரு பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்துவருவாள். வாண்டு கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஏதோ மகாராணி மாதிரி, காலை அவள் மடியில் போடுவாள். கழுவி, ஒற்றி எடுத்து, பெயர் ஒட்டாத ஒரு வெள்ளை டப்பாவிலிருந்து எதையோ எடுத்துத் தடவி, வெடிப்புகளின்மேல் சின்னச் சின்னதாகப் பிளாஸ்திரி வெட்டி ஒட்டி, பருத்தி சாக்ஸ் மாட்டிவிடுவாள். கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் வாண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருப்பாள். கால்காரம்மா அறை வாசலில் தலையைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும்.

"என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லக்கா."

ஒரே ராகத்தில் இரண்டு பேர். கால்காரம்மா சமையலறைக்குத் திரும்பிப்போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று எனக்குக் காலை நீட்டுகிறது, நான் பெற்றது இன்னொருத்தியின் மடியில் நீட்டுகிறது என்று பல்லைக் கடிப்பாள். அந்த மடியில் ஒரு நாள் தேள் கொட்டினால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறாள். நினைத்ததற்காகப் பிறகு வருத்தப்படவும் இல்லை.

ஆனால் அவளிடமும் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. ஷூ. கால் வலிக்கிறதா, இன்னும் மெத்தென்று ஒன்று. வெடிக்கிறதா, தூசி தும்பு உள்ளே போகாத மாதிரி இறுக்கமாக ஒன்று. நாலு மாதத்தில் மூன்று ஜோடி கொண்டுவந்துவிட்டாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாண்டு முழுக்க முழுக்க அம்மா கட்சி. சாயங்காலம் கால்காரம்மா கதவைத் திறக்கும்போது, பிள்ளை வீட்டுக்குள்ளேயே ஷூவைப் போட்டுக்கொண்டு குதிகாலால் தத்தித் தத்தி ஓடிவருவாள். அதைப் பார்த்தால் கால்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பார்த்தாயா, நீ வெந்நீர் வை, நான் வாங்கிக்கொடுத்ததைத்தான் அவள் கழற்றமாட்டேன் என்கிறாள் என்று சித்தியை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஒரு தடவை சித்தி மெல்ல வாயைத் திறந்தாள். "அக்கா, வீட்ல இருக்கறப்ப வெறுங்காலோட விடலாமே. காத்துப் படும்."

"உன் பாத்ரூம் மிதியடியை மொதல்ல காயப் போடு. அந்த ஈரத்துல மிதிச்சுத்தான் அவளுக்கு இது வந்ததே."

சித்தியின் முகம் சுருங்கியது. மறுநாள் மிதியடி பால்கனியில் காய்ந்தது. அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பள்ளி விடுமுறை வந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின இரண்டு வாரம் செருப்புக் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. கால்காரம்மா வீடு திரும்பும்போது வாண்டு தூங்கியிருப்பாள். அந்த இரண்டு வாரத்தில் பாதம் அதிசயமாகத் தேறியது. சிவப்பு மங்கியது, வெடிப்பு மூடியது. பள்ளி திறந்தது. கால்காரம்மா பழையபடி நேரத்துக்கு வந்தாள், அந்த வருடத்தின் மிக நல்ல ஜோடியை மகளுக்குக் கொண்டுவந்தாள். ஒரே வாரம். பாதம் மறுபடி பிளந்துவிட்டது.

யோசித்தாள். நான் வீட்டில் இல்லாவிட்டால் ஆறுகிறது, நான் வந்தால் வெடிக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் விடை ஒன்றுதான் வந்தது. அந்த டப்பா. நான் பார்க்காதபோது நல்லதைத் தடவுகிறாள், நான் பார்க்கும்போது வேறு எதையோ கலக்கிறாள். பிள்ளை எப்போதும் தன்னிடமே வரவேண்டும் என்று புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறாள். பொறாமைக்காரி. பொறாமை என்கிற வார்த்தை அவள் மனதில் வந்தபோது, அது சித்தியைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காலையிலேயே அந்த வெள்ளை டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மத்தியானம் பள்ளிக்குப் போய் வாண்டுவைக் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போகப் பஸ் ஏறினாள். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறாள். டாக்டர் டப்பாவை மோந்துபார்த்து, "ஐயையோ, இதை யார் தடவினது" என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கவேண்டும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஷூவைக் கழட்டிட்டு மேல ஏறிப் படு" என்றார். வாண்டு ஒரு முரண்டும் இல்லாமல் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கட்டிலில் ஏறி, பாதங்களை நீட்டினாள். யாரோ ஒரு அந்நியருக்கு நீட்டுகிறாள். கால்காரம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா விளக்கை இழுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"பூஞ்சைக் களிம்பு போட்டீங்களா?"

"ஆமா டாக்டர். பூஞ்சைதானே."

"இல்லம்மா. விரலிடுக்கு பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. பூஞ்சை பெரும்பாலும் அங்கதான் மொதல்ல உக்காரும். இது தொத்தற வியாதியே இல்ல." பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தார். "இது யார் ஒட்டினது? ரொம்ப நேர்த்தியா ஒட்டியிருக்காங்களே."

கால்காரம்மா அதைக் காதில் வாங்காததுபோல் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். "இதைத்தான் டாக்டர் நாலு மாசமா தடவறாங்க. எங்க வீட்ல ஒருத்தங்க. என்ன ஏதுன்னு தெரியாம."

டாக்டரம்மா மோந்துபார்த்தார். விரலால் தொட்டுத் தேய்த்தார். கால்காரம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"வெறும் வாஸ்லின். இதத்தான் நானும் எழுதித் தருவேன். அவங்களே தொடர்ந்து போடட்டும்." சொல்லிக்கொண்டே, கீழே கிடந்த ஷூவை எடுத்து உள்ளே கைவிட்டார். வெளியே எடுத்த கையைத் துணியில் துடைத்தார். "இது என்ன ஷூ?"

இந்தக் கேள்விக்குக் கால்காரம்மா தூக்கத்தில்கூடப் பதில் சொல்வாள். "இந்த வருஷம் வந்ததுலயே ஒசத்தி டாக்டர். மேல பூரா செயற்கைத் தோல், உள்ள மெத்தை, ஓரம் எல்லாம் ஒட்டு. எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது."

"வேர்வையும் வெளிய போகாதே" என்றார் டாக்டரம்மா.

அந்த வாக்கியத்தை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கால்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருடத்தில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். கால் நாள் பூரா வேர்வையில் ஊறுகிறது. கழற்றியதும் சட்டென்று காய்கிறது. ஊறி ஊறிக் காய்ந்தால் தோல் வெடிக்கும். சில பிள்ளைகளுக்கு இந்த வயதில் இப்படித்தான், வளர வளர விட்டுவிடும். கான்வாஸோ நல்ல தோலோ போடலாம், சாக்ஸ் பருத்தியில் இருக்கட்டும், மத்தியானம் ஒரு தடவை மாற்றட்டும். வீட்டில் திறந்த செருப்பு. பிறகு வாண்டுவைப் பார்த்துச் சொன்னார்: "காலைக் கழுவி ஒத்தி எடுத்ததும், லேசா ஈரம் இருக்கறப்பவே தடவிடணும். காயவிட்டுட்டா பிரயோஜனம் இல்ல. புரிஞ்சுதா?" வாண்டு தலையாட்டினாள்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். வாண்டு ஷூவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதங்கள் பெஞ்சுக்குக் கீழே காற்றில் ஆடின.

"சித்தியும் இதேதான் சொன்னாங்க" என்றாள்.

"என்ன சொன்னா?"

"ஸ்கூல்லேருந்து வந்ததும் ஷூவக் கழட்டிடுன்னு. கழட்டிடுவேன். நீ வர்ற நேரத்துக்கு மறுபடி போட்டுக்குவேன்."

கால்காரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அவதான் போட்டுக்கச் சொன்னாளா?"

"இல்ல. போடாதேம்பாங்க. நானாத்தான் போட்டுக்குவேன்." வாண்டு ஷூவின் நாடாவைச் சுருட்டினாள். "நீ கதவத் தொறந்ததும் மொதல்ல ஷூவத்தானே பாப்ப. அதப் பாத்தாத்தான் சிரிப்ப."

பஸ் வந்தது. கால்காரம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

வழி முழுக்க அவளுக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் சித்தியின் மேல். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். நல்லவள் என்கிற பெயரையும் டாக்டர் வரைக்கும் போய் வாங்கிக்கொண்டாள். எனக்கு என்று எதை மிச்சம் வைத்தாள்?

வீட்டுக்கு வரும்போது மணி நாலரை. வாண்டு நேராகக் குளியலறைக்குப் போனாள். கால்காரம்மா கைப்பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு உள்ளே வந்தாள். சித்தி சமையலறையில் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூணு மணிக்கு அவ வரலன்னு ஸ்கூலுக்குப் போன் போட்டேன், நீங்க கூட்டிட்டுப் போனதாச் சொன்னாங்க. அந்த வெள்ளை டப்பாவைப் பாத்தீங்களா? வேலையிலேருந்து வந்ததுலேருந்து தேடறேன்."

"என் பையில இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்." கால்காரம்மா சமையலறைக் கதவைச் சாத்தினாள். "ஷூவாலதான் வருதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

சித்தி அலமாரியை மூடினாள். பொய் சொல்ல முயலவில்லை.

"ரெண்டு மாசமாத் தெரியும்க்கா. ஒரு நாள் அவ கழட்டிப் போட்டதும் உள்ள கைவிட்டுப் பாத்தேன். ஊறிக் கிடந்துச்சு. எங்க வேலையில தெனம் பாக்கறதுதானே. ஈரத்தோட மூட்டை கட்டி வச்சா நல்ல துணியே இத்துப்போகும்."

"ரெண்டு மாசம். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவை சொல்ல வந்தேன். மிதியடியைச் சொல்லி வாயடைச்சிட்டீங்க."

"அதுக்கு? மறுபடி சொல்லக்கூடாதா? அவ சித்தப்பாகிட்ட, அவ அப்பாகிட்ட சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. "கழுவிட்டேன்" என்று வாண்டு குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் அசையவில்லை.

சித்தி மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினாள். "உள்ளதச் சொல்லிடறேன்க்கா. லீவுல அவளுக்குக் கால் ஆறிடுச்சில்ல, அப்ப நாலு நாள் என்கிட்ட வரவே இல்ல. பேசினக் கொண்டுபோனா, சரியாயிடுச்சு சித்தின்னுட்டு வெளையாடப் போயிட்டா. ஸ்கூல் தொறந்து நீங்க அந்தப் புது ஷூவக் கொண்டுவந்தீங்க. பாத்ததுமே எனக்குத் தெரியும், இது மறுபடி வெடிக்கும்னு. தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

கால்காரம்மா பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதில் எதற்கும் இப்போது வேலை இல்லை. அவள் சந்தேகப்பட்டது பாதி நிஜமாகிவிட்டது. வெற்றி என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த டப்பாவில் விஷம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறியவள் அவள். தன் பிள்ளையின் காலில் நாலு மாதமாக விஷம் தடவப்பட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இதை யாரிடம் சொல்ல முடியும்?

"நான் தடவிக்கிட்டிருக்கேன், அவ வாய் பூரா உங்க கடைதான்" என்றாள் சித்தி. "எங்கம்மா எந்தப் பிள்ளையையும் அழாம அளவு எடுப்பாங்க, எங்கம்மாவுக்குக் கண்ண மூடிக்கிட்டே சைஸ் தெரியும்னு. அத உங்ககிட்ட சொன்னா தலக்கனம் ஏறிடும்னு ரகசியமா வேற சொல்வா. என் மடியில காலு, பேச்சு உங்களப் பத்தி. எனக்கு எப்படி இருக்கும்க்கா?"

வெட்கம்தான் முதலில் வந்திருக்கவேண்டும். வந்தது சந்தோஷம். நிஜமாகவே ஒரு நொடி கால்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பின்னால்தான் வெட்கம் வந்து சேர்ந்தது, வந்ததும் போகாமல் உட்கார்ந்துகொண்டது.

"கழுவிட்டேன்னு சொன்னேன்ல" என்று மறுபடி வாண்டுவின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் ஓய்ந்தது.

"என்னைத் திட்டுங்கக்கா."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திட்டறது" என்றாள் கால்காரம்மா.

பிறகுதான் இருவருக்கும் பிள்ளையின் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு அறைக்கு ஓடினார்கள்.

வாண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கைப்பை வாய்திறந்து பக்கத்தில் கிடந்தது. டப்பாவைத் தொடைநடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு காலை மடக்கி முகத்துக்குக் கிட்டே இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே தடவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்திரி கோணல்மாணலாக ஒட்டியிருந்தது. ஒன்று வெடிப்பின் மேலேயே இல்லை, பக்கத்தில் இருந்தது. வாசலில் நின்ற இரண்டு பேருக்கும் கை பரபரத்தது.

"நான் போடறேன்" என்றார்கள் ஒரே நேரத்தில்.

"வேணாம். முடிஞ்சிடுச்சு." வாண்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஈரம் இருக்கறப்பவே போடணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல. ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க வர்ற மாதிரி தெரியல."

"அந்தப் பிளாஸ்திரி மட்டும் தள்ளி ஒட்டியிருக்கும்மா" என்றாள் சித்தி.

"நாளைக்குச் சரியா ஒட்டிக்குவேன் சித்தி."

"வலிக்காம அம்மா ஒட்டறேன்" என்றாள் கால்காரம்மா. கடையில் பேசுகிற அதே குரல்.

"எனக்கே வருதும்மா."

அவள் குரலில் கோபம் இல்லை, தாபம் இல்லை. டப்பாவை மூடித் தலையணைக்குப் பக்கத்தில், தன் பொருள்களோடு வைத்தாள். சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். தாகமாக இருந்ததோ என்னவோ, சமையலறைப் பக்கம் புறப்பட்டாள். அவளுக்கு வழிவிட ஒருத்தி இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமும் ஒதுங்கினார்கள்.

நடுவில் அவள் குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்துபோனாள். இரண்டு மாதம் முன்பே நேராக நடந்திருக்கவேண்டிய பிள்ளை. அதை இரண்டு பேரும் நினைத்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.